நெல் உமியிலிருந்து சிலிக்கா: பண்புகளும் தயாரிப்பும், படிப்படியாக

வீண் வேலை என்றால் உமி குத்துவதைத்தான் நம் ஊரில் உவமையாகச் சொல்வார்கள். குத்திக் குத்திக் கைதான் வலிக்கும், அரிசி வராது. அரிசி வராது என்பது உண்மைதான். ஆனால் அதே உமியில் 100 கிராமை முழுதாக எரித்தால் 15 முதல் 20 கிராம் வரை சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு சிலிக்கா. வேறு எந்தத் தானியத்தின் தோலும் இவ்வளவு சுத்தமான சிலிக்காவை இவ்வளவு மலிவாகத் தராது என்று நான் நினைக்கிறேன்.

கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களோடு பல ஆண்டுகள் இதைச் செய்து பார்த்து, எங்கே சொதப்பும், எங்கே பொறுமை வேண்டும் என்று தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இது மஃபிள் உலையும் (வெப்பநிலையைக் கட்டுப்படுத்தக்கூடிய மூடிய மின்னுலை) புகைப்போக்கி அறையும் உள்ள ஆய்வகத்துக்கான வழிகாட்டி. கொதிக்கும் காரமும் அமிலமும் வருவதால் வீட்டு அடுப்படியில் செய்ய வேண்டாம்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலிக்காவை நெற்பயிர் ஏற்கெனவே செய்து வைத்துவிட்டது. அது செய்ததைக் கெடுக்காமல் வெளியே எடுப்பதுதான் நம் வேலை. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த நினைப்போடு படியுங்கள்.

சிலிக்கா என்பது என்ன

சிலிக்கான் ஓர் உலோகப்போலி. பார்க்க உலோகம்போல மினுங்கும், ஆனால் மின்சாரத்தை அரைகுறையாகத்தான் கடத்தும். 1824-இல் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் இதைத் தனிமமாகப் பிரித்தெடுத்தார். அதன் ஆக்சைடுதான் சிலிக்கா: ஒரு சிலிக்கான் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணு என்பது விகிதம், மோலார் நிறை சுமார் 60 கிராம்.

வாய்பாட்டை மட்டும் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடுக்குத் தம்பி மாதிரி இருக்கும். குணத்தில் இரண்டும் இரு துருவம். கார்பன் தன் இரண்டு ஆக்சிஜனோடும் இரட்டைப் பிணைப்பு போட்டுக்கொண்டு தனித்தனி மூலக்கூறாகப் பிரிந்துவிடுகிறது, அதனால் அது வாயு. சிலிக்கானுக்கு அப்படி இரட்டைப் பிணைப்பு எளிதில் அமையாது. நான்கு ஆக்சிஜனோடு நான்கு ஒற்றைப் பிணைப்பு போட்டு ஒரு நான்முகியாக நிற்கிறது. ஒவ்வொரு ஆக்சிஜனையும் அடுத்த சிலிக்கானோடு பங்கிட்டுக்கொள்கிறது. இப்படிக் கை கோத்துக்கொண்டே போய் முடிவில்லாத வலையாகிறது. அதனால்தான் 1,700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அது உருகும்.

இந்த வலை ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் அது படிகம். ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் அப்படிப்பட்டது, அடர்த்தி 2.65. சாதாரண அழுத்தத்தில் சூடு ஏற ஏற 573 டிகிரியில் அதன் அடுக்கு லேசாக மாறும். 870-க்கு மேல் டிரிடிமைட், 1,470-க்கு மேல் கிரிஸ்டோபலைட் என்ற வடிவங்கள் நிலைபெறும். வலை ஒழுங்கில்லாமல் பின்னிக் கிடந்தால் அது படிக வடிவமற்ற சிலிக்கா. அடர்த்தி சுமார் 2.2. கண்ணாடி அப்படிப்பட்டது, உமியில் இருப்பதும் அப்படிப்பட்டதே.

வேதியியலுக்கு இந்த வேறுபாடுதான் உயிர். 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் குவார்ட்ஸ் சுமார் 10 மில்லிகிராம்தான் கரையும். படிக வடிவமற்றது 100 மில்லிகிராமுக்கு மேல் கரையும். காரத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. மணலைச் சோடியம் சிலிகேட்டாக்க வேண்டுமானால் சோடியம் கார்பனேட்டோடு சேர்த்துப் பெரிய உலையில் உருக்க வேண்டும். உமிச் சிலிக்காவோ கொதிக்கும் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு) கரைசலிலேயே ஒரு மணி நேரத்தில் கரையத் தொடங்கிவிடும்.

அமிலங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் ஒன்றுதான் அறை வெப்பநிலையிலேயே சிலிக்காவைக் கரைக்கும். அது எலும்புவரை ஊடுருவும் விஷம், நமக்கு அது தேவையே இல்லை. மற்ற அமிலங்கள் சிலிக்காவைத் தொடாது. உமியில் உள்ள மற்ற உலோகங்களை அமிலத்தால் கழுவி எடுக்கப்போகிறோம் என்பதால் இது நமக்கு வசதி.

உமிக்குள் எப்படி வந்தது

மண்ணில் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை (நீரோடு சேர்ந்து கரைந்த சிலிக்கா) நெல்வேர் ஆசையோடு உறிஞ்சுகிறது. அதற்கென்றே வேரில் ஒரு கடத்திப் புரதம் இருப்பதை ஜப்பானில் 2006-இல் கண்டறிந்தார்கள். நீரோடு மேலேறும் சிலிசிக் அமிலம், நீர் ஆவியாகும் இடங்களில் தங்கி இறுகுகிறது. இலையின் விளிம்பு கையைக் கீறுவதும் உமி சொரசொரப்பாக இருப்பதும் இதனால்தான். உமிக்கரியால் பல் விளக்கியதும் உமிச் சாம்பலால் பித்தளைப் பாத்திரம் தேய்த்ததும் இந்தச் சொரசொரப்பை நம்பித்தான். இன்று பற்பசைக்குள் தேய்ப்பானாக இருப்பதும் சிலிக்காதான்.

முதல் படி: உமியைத் தேர்ந்தெடுப்பது

ரப்பர் ரோலர் வைத்த ஆலையிலிருந்து உமி வாங்குங்கள். பழைய ஹல்லர் எந்திரத்தில் உமியும் தவிடும் நொய்யும் கலந்து வரும். தவிட்டில் பாஸ்பரஸும் எண்ணெயும் அதிகம், அவற்றைப் பிறகு பிரிப்பது தலைவலி. புழுங்கல் நெல்லா பச்சை நெல்லா என்பதில் பெரிய வேறுபாடு இல்லை.

100 கிராம் உமியை அகன்ற வாளியில் தண்ணீர் விட்டுக் கையால் அலசுங்கள். உமி மிதக்கும், மண்ணும் மணலும் அடியில் தங்கும். மேலே மிதப்பதை மட்டும் அள்ளுங்கள். மணலும் சிலிக்காதானே, இருந்தால் என்ன என்று ஒரு மாணவர் கேட்டார். அது குவார்ட்ஸ். நம் காரத்தில் கரையாமல் கடைசிவரை அடியில் கிடக்கும், எடைக் கணக்கையும் குழப்பும். மூன்று முறை அலசி வெயிலில் காயவையுங்கள்.

இரண்டாம் படி: அமிலக் கழுவல்

நேரம் இல்லை என்று பலர் விட்டுவிடும் படி இது. விடாதீர்கள். உமியில் பொட்டாசியம் இருக்கிறது. எரிக்கும்போது அது சிலிக்காவின் மேற்பரப்பை லேசாக உருகவைக்கும். உருகிய தோலுக்குள் கரித்துகள் மாட்டிக்கொண்டால் அதற்கு ஆக்சிஜன் கிடைக்காது. எத்தனை மணி நேரம் எரித்தாலும் கருப்புப் புள்ளிகள் போகவே போகாது. அமிலத்தில் கழுவிய உமியையும் கழுவாத உமியையும் இரண்டு புடக்குகைகளில் ஒரே உலையில் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்று பச்சரிசி மாவுபோல வெளுத்து வரும். மற்றது எள்ளு தூவியதுபோலச் சாம்பல் நிறத்தில் வரும். ஒரு முறை பார்த்துவிட்டால் இந்தப் படியை யாரும் விடமாட்டார்கள்.

1 மோலார் (லிட்டருக்கு ஒரு மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒன்றரை லிட்டர் தயாரித்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு அடர் அமிலம் சுமார் 85 முதல் 90 மி.லி. ஆகும். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக்கூடாது. பெரிய கண்ணாடி பீக்கரில் உமி மூழ்கும்படி ஊற்றி, புகைப்போக்கி அறைக்குள் 90 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். உமி மிதக்கும், அவ்வப்போது அழுத்திவிடுங்கள். கரைசல் பழுப்பாகும். எவர்சில்வர் பாத்திரம் இங்கே கூடாது, இந்த அமிலம் அதை அரித்து இரும்பைக் கலந்துவிடும். வலிய அமிலம் வேண்டாம் என்பவர்கள் 5 விழுக்காடு சிட்ரிக் அமிலக் கரைசலை 80 டிகிரியில் வைத்துச் செய்யலாம், அதுவும் பொட்டாசியத்தை நன்றாகவே எடுக்கும்.

பிறகு வடிகட்டி, காய்ச்சி வடித்த நீரால் நீல லிட்மஸ் சிவக்காமல் போகும் வரை கழுவி, 100 டிகிரியில் உலர்த்துங்கள்.

மூன்றாம் படி: எரிப்பது

நம் தட்டார்கள் உமித் தீயை மதிப்பார்கள். சீறாமல், அணையாமல், உள்ளுக்குள்ளேயே கனன்றுகொண்டிருக்கும் தீ அது. நமக்கு வேண்டியதும் அதே நிதானம்.

முதலில் உமியை அகன்ற பீங்கான் தட்டில் மெல்லிய படுகையாகப் பரப்பி, புகைப்போக்கி அறையில் சிறு தீயில் கரியாக்குங்கள். நிறையப் புகை வரும். நேரடியாக உலைக்குள் தள்ளினால் அந்தப் புகையெல்லாம் உலைக்குள் தாராகப் படியும். புகை நின்ற பிறகு தட்டை மஃபிள் உலையில் வைத்து, நிமிடத்துக்கு 5 முதல் 10 டிகிரி வீதம் 600 டிகிரி வரை ஏற்றி, ஐந்து மணி நேரம் அங்கேயே நிறுத்துங்கள். காற்று உள்ளே போக உலைக்கதவு ஒரு நூலளவு திறந்திருக்கட்டும். படுகை ஒரு விரற்கடையைத் தாண்டினால் நடுவில் கரி மிஞ்சும்.

ஏன் 600? 500-க்குக் கீழே கரி முழுதாக எரியாது. 700-ஐத் தாண்டினால் நுண்துளைகள் மூடத் தொடங்கும், மேற்பரப்பு சுருங்கும். இன்னும் ஏறி 800, 900 என்று போனால் அணுக்கள் தம்மை ஒழுங்குபடுத்திக்கொண்டு கிரிஸ்டோபலைட் படிகமாகிவிடும். வேகமாக முடிக்கலாம் என்று ஒரு குழு உலையை 950-க்கு ஏற்றியது. சாம்பல் பார்க்கப் பளிச்சென்று வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் காரத்தில் போட்டபோது மூன்று மணி நேரம் கொதித்தும் பாதிக்கு மேல் அப்படியே அடியில் கிடந்தது. நிறம் வெள்ளை என்பதால் சிலிக்கா நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை.

ஆலைக் கொதிகலன் சாம்பல் இலவசமாகக் கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும். ஆனால் அங்கே தீ எந்த வெப்பநிலையில் எரிந்தது என்று நமக்குத் தெரியாது. கரியும் இருக்கும், படிகமும் இருக்கலாம். குவார்ட்ஸ், கிரிஸ்டோபலைட் போன்ற படிகச் சிலிக்காத் தூசியை மூச்சில் இழுத்தால் சிலிக்கோசிஸ் என்ற ஆறாத நுரையீரல் நோய் வரும். உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தத் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்திருக்கிறது. படிக வடிவமற்றது அந்தப் பட்டியலில் இல்லை. இருந்தாலும் எந்தச் சாம்பலை அரைக்கும்போதும் தூசி தடுக்கும் முகமூடி கட்டாயம்.

உங்கள் சாம்பல் எந்த வகை என்பதை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் (அணுக்களின் அடுக்கைக் காட்டும் சோதனை) பார்க்கலாம். படிக வடிவமற்றதாக இருந்தால் வரைபடத்தில் 22 டிகிரி கோணத்துக்கு அருகே அகன்ற மேடு ஒன்று மட்டும் வரும். அதே இடத்தில் கூரிய முனை எழுந்தால் படிகம் கலந்துவிட்டது. கருவி இல்லாதவர்களுக்கு அடுத்த படியே சோதனை.

நான்காம் படி: காரத்தில் கரைப்பது

10 கிராம் சாம்பல், 8 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு, 80 மி.லி. காய்ச்சி வடித்த நீர். இது 2.5 மோலார் கரைசல்.

கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 10 கிராம் சாம்பலில் 9 கிராம் சிலிக்கா என்று வைத்தால் அது 0.15 மோல். ஒவ்வொரு சிலிக்காவும் முழுதாகச் சோடியம் மெட்டாசிலிகேட்டாக மாற 0.3 மோல், அதாவது 12 கிராம் காரம் வேண்டும். நாம் போடுவது 0.2 மோல்தான். பாடநூல் சமன்பாட்டைப் பார்த்துவிட்டுக் காரம் போதாது என்று பயப்பட வேண்டாம். சிலிகேட் அயனிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கரைசலில் நிற்கும், குறைந்த காரத்திலேயே கரையும். காரம் குறைந்தால் பிறகு ஊற்றும் அமிலமும் குறையும், கழுவ வேண்டிய உப்பும் குறையும்.

இப்போது பாத்திரத்தை மாற்றுங்கள். அமிலத்துக்குக் கண்ணாடி, காரத்துக்கு எவர்சில்வர். கண்ணாடியும் சிலிக்காதான் என்பதை மறக்கக்கூடாது, கொதிக்கும் காரம் அதையும் தின்னும். அலுமினியம் அறவே ஆகாது, காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கிளப்பும். கண்ணுக்குக் கவசக் கண்ணாடி, கைக்கு உறை இல்லாமல் இந்தப் படியைத் தொடாதீர்கள்.

காரத்தைச் சிறிது சிறிதாக நீரில் கரையுங்கள், கரைசல் தானே சூடேறும். சாம்பலைப் போட்டு மூடி, கிளறிக்கொண்டே இரண்டு மணி நேரம் மெல்லக் கொதிக்கவிடுங்கள். நீர் குறையக் குறைய வெந்நீர் சேர்த்து அளவைக் காப்பாற்றுங்கள். சூட்டோடு வடிகட்டி, வடிதாளில் மிஞ்சியதை 20 மி.லி. வெந்நீரால் அலசி அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கீழே இறங்குவது சோடியம் சிலிகேட் கரைசல், கடைப் பெயரில் நீர்க்கண்ணாடி. தெளிவாக, லேசான வழுவழுப்போடு இருக்கும். இளந்தேநீர் நிறம் இருந்தால் எரிப்பதில் குறை என்று பொருள். தாளில் கருப்பாக மிஞ்சினால் அது கரி. வெள்ளையாக நிறைய மிஞ்சினால் மணலோ கிரிஸ்டோபலைட்டோ இருக்கிறது, அடுத்த முறை உலையை அடக்குங்கள்.

கரைசலை வைத்திருக்க வேண்டுமானால் பிளாஸ்டிக் புட்டி. கண்ணாடி மூடி ஒரு வாரத்தில் ஒட்டிக்கொண்டு உடைத்தால்தான் வரும்.

ஐந்தாம் படி: கூழாக்குவது

எனக்குப் பிடித்த படி இதுதான். 2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பியூரெட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். 0.2 மோல் காரத்தை நடுநிலையாக்கக் கணக்குப்படி 100 மி.லி. வேண்டும். ஆறிய சிலிகேட் கரைசலை நன்றாகக் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. அமிலத் துளி விழும் இடத்தில் ஒரு வெண்மேகம் தோன்றிக் கலக்கலில் மறையும். பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை) 10-ஐ ஒட்டி இறங்கும்போது மேகம் மறைய மறுக்கும், கரைசலுக்கு நீல வெண்மை ஏறும். கலக்கும் தண்டின் ஓசை மாறுவதைக் காதாலேயே கேட்கலாம். அங்கிருந்து மெதுவாக 7-க்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் மொத்தமும் கட்டித் தயிர்போல உறைந்து, கண்ணாடித் தண்டை நட்டால் சாயாமல் நிற்கும். கிட்டத்தட்ட 200 மி.லி. நீரை வெறும் 9 கிராம் சிலிக்கா இப்படி நிறுத்தி வைத்திருக்கிறது.

உள்ளே நடப்பது இது: அமிலம் சிலிகேட்டைச் சிலிசிக் அமிலமாக்குகிறது. அந்த மூலக்கூறுகள் இரண்டிரண்டாக நீரை உதறிவிட்டு மறுபடி சிலிக்கான்–ஆக்சிஜன்–சிலிக்கான் பாலம் போடுகின்றன. நுண்துகளாகி, துகள்கள் சங்கிலியாகி, சங்கிலிகள் வலையாகின்றன. 1860-களில் வேதியியலாளர் தாமஸ் கிரஹாம் கூழ்மங்களை (நீரில் நுண்துகள்கள் பரவி நிற்கும் கலவைகளை) ஆராய்ந்தபோது கையாண்ட முக்கியமான பொருள்களில் ஒன்று இதே சிலிசிக் அமிலம்தான்.

அமிலத்தை அவசரமாக ஊற்றினால் விழுந்த இடத்தில் கட்டிகட்டியாக உறைந்து, உள்ளே காரம் சிறைப்பட்டுவிடும். எவ்வளவு கழுவினாலும் அது வராது.

கண்ணாடிபோலத் தெளிந்த கூழ் வேண்டுமா? வரிசையைத் திருப்புங்கள். அமிலத்துக்குள் சிலிகேட்டை ஊற்றுங்கள். பிஎச் 2 அருகே துகள்களுக்கு மின்னூட்டம் ஏறக்குறைய இல்லை, உறையும் வேகமும் மிகக் குறைவு. அதனால் கரைசல் நெடுநேரம் தெளிவாகவே நிற்கும். பிறகு இன்னும் கொஞ்சம் சிலிகேட் சேர்த்து 5 அல்லது 6-க்கு உயர்த்தினால் நிமிடங்களில் உறையும். டயருக்கும் பற்பசைக்கும் போகும் வெண்பொடி வேண்டுமானால் 80, 90 டிகிரி சூட்டில், காரத்தன்மை விடாமல், விடாது கலக்கி வீழ்படிவாக்க வேண்டும். அது தனிக் கதை.

ஆறாம் படி: பழுக்கவிடுவதும் கழுவுவதும்

கூழை மூடி ஓர் இரவு வையுங்கள். துகள்கள் சேரும் கழுத்துப் பகுதிகளில் சிலிக்கா மெல்லப் படிந்து வலை தடிக்கும். இதைச் செய்யாத கூழ் உலரும்போது தூளாகிவிடும்.

இந்தக் கூழில் 0.2 மோல், அதாவது 11.7 கிராம் சாப்பாட்டு உப்பு கரைந்திருக்கிறது. சிலிக்காவைவிட உப்பு அதிகம்! கூழைக் கத்தியால் துண்டாக்கி, சூடான காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் கழித்து நீரை மாற்றுங்கள். கழுவிய நீரில் ஒரு துளி நைட்ரிக் அமிலமும் இரண்டு துளி வெள்ளி நைட்ரேட்டும் விடுங்கள். வெண்மை வந்தால் உப்பு இன்னும் இருக்கிறது, அது வராமல் போகும் வரை தொடர வேண்டும். ஒரு முறை ஒரு மாணவி 15 தடவை கழுவியும் வெண்மை நிற்கவில்லை என்று கண் கலங்கி வந்தார். அவர் கழுவியது ஆய்வகத்து ஆழ்துளைக் கிணற்று நீரில். அந்த நீரிலேயே குளோரைடு இருந்தது. கழுவும் நீரை முதலில் சோதியுங்கள்.

ஏழாம் படி: உலர்த்துவது

60 முதல் 80 டிகிரியில் ஒரு நாள், பிறகு 120 டிகிரியில் மூன்று மணி நேரம். துளைகளில் உள்ள நீர் பின்வாங்கும்போது அதன் பரப்பு இழுவிசை வலையை உள்ளே இழுக்கும். கையளவு கூழ் புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கும், விரிசல் விடும் ஓசைகூடக் கேட்கும். பயப்பட வேண்டாம். கூழில் உள்ள நீரை முதலில் எத்தனாலால் மாற்றிவிட்டு உலர்த்தினால் சுருக்கம் குறையும். இந்த இழுவிசையையே முற்றாகத் தவிர்க்கும் வழியைக் கண்டுபிடித்துத்தான் 1931-இல் அமெரிக்க வேதியியலாளர் கிஸ்ட்லர் ஏரோஜெல் என்ற, சுருங்காமல் உலர்ந்த கூழை உருவாக்கினார்.

200 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டாம். உலர்ந்த இந்தக் கூழ்தான் சிலிக்கா ஜெல். அதன் மேற்பரப்பில் சதுர நானோமீட்டருக்குச் சுமார் 5 ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்தவை) இருக்கும், ஈரத்தைப் பிடிப்பவை அவைதான். அதிகச் சூட்டில் அவை இரண்டிரண்டாக இணைந்து நீராகப் போய்விடும்.

கிடைத்ததைச் சோதிப்பது

கணக்குப்படி 9 கிராம் வரை வரலாம். 8 கிராம் கையில் வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். 1 கிராமைச் சூடான 2.5 மோலார் காரத்தில் போட்டால் மிச்சமின்றிக் கரைய வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் அப்படியே கிடக்க வேண்டும். பொடியை நடுநிலை நீரில் கலக்கிப் பிஎச் பார்த்தால் 6-க்கும் 7-க்கும் இடையே நிற்க வேண்டும், 9 காட்டினால் கழுவல் போதவில்லை.

ஈரம் பிடிக்கும் திறனைப் பார்க்க, 120 டிகிரியில் உலர்த்திய 5 கிராமை எடை போட்டு, அடியில் நீர் வைத்த மூடிய டப்பாவில் வலைத்தட்டின் மேல் இரண்டு நாள் வையுங்கள். கடையில் விற்கும் நல்ல சிலிக்கா ஜெல் தன் எடையில் 35 முதல் 40 விழுக்காடு வரை ஈரம் ஏற்கும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து வால்டர் பாட்ரிக் 1919-இல் சிலிக்கா ஜெல்லுக்குக் காப்புரிமை பெற்றார். உங்களுடையது 25-ஐத் தொட்டாலே உலையும் கழுவலும் சரியாக இருந்தன என்று நம்பலாம்.

நிறம் மாறும் வகை வேண்டுமென்று கோபால்ட் குளோரைடு சேர்க்க வேண்டாம், அது புற்றுநோய் அபாயம் உள்ள உப்பு. நிறமில்லாமலேயே வையுங்கள். பருத்தித் துணியில் சிறு முடிச்சாகக் கட்டி, மின்தராசுப் பெட்டிக்குள்ளோ விதைநெல் வைத்த டப்பாவுக்குள்ளோ போடுங்கள். மாதம் ஒரு முறை முடிச்சை எடை போட்டுப் பாருங்கள். ஏறியிருந்தால் ஜெல்லைத் தட்டில் கொட்டி 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய எடைக்குத் திரும்பிவிடும்.